ஊர்க் கையும் ஊர் வாயும்

  

நம்மில் பெரும்பாலானோர் சிறிய ஊர்களில் வாழ்பவர்கள். ஸுபஹுத் தொழுகைக்கு வழமையாக வரும் ஒருவர் வராதுபோனால் லுஹருக்கு முன்னர் அதன் காரணம் மஹல்லா முழுவதும் தெரிந்துவிடும் ஊர்கள் இவை. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நான்காவது வீட்டுக்கும் வாசம் போகும் அளவுக்கு வளவுகள் நெருங்கியிருக்கும். வாப்பா வழியில் பார்த்தாலும் உம்மா வழியில் பார்த்தாலும் யாரோ ஒரு மாமி, ஒரு சாச்சா என்று ஊரில் பாதிப்பேர் உறவாகத்தான் இருப்பார்கள். இத்தகைய ஊருக்கு ஒரு கை உண்டு, ஒரு வாயும் உண்டு. இந்தக் கையையும் வாயையும் பற்றியே இன்று உங்களுடன் சற்று மனந்திறந்து பேச விரும்புகின்றேன்.

முதலில் ஊர்க் கையைப் பார்ப்போம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மௌத்துச் செய்தி அறிவிக்கப்பட்டால், மையவாடியில் கப்று தோண்டுவதற்கு யாரும் யாரையும் தேடிப்போக வேண்டியதில்லை. சந்தூக் வரும், கபன் துணி வரும், அந்த வீட்டுக்கு அயல்வீட்டுச் சோறு வரும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டபோது, 70,000க்கும் மேற்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு வெறுங்கையோடு புறப்பட்டார்கள். அவர்களுள் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளுக்கு. அங்கிருந்த மக்களும் செல்வந்தர்கள் அல்லர். எனினும் பள்ளிவாசல்கள் திறந்தன, பாடசாலைகள் திறந்தன, வீட்டு முற்றங்களும் தென்னந்தோட்டங்களும் திறந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி மருதமுனை, சாய்ந்தமருது, கிண்ணியா, ஹம்பாந்தோட்டை போன்ற கரையோர ஊர்களை வாரிச் சுருட்டியபோதும், கடலுக்குத் தூரமாக இருந்த ஊர்கள் அரசாங்கம் வரும்வரை காத்திருக்கவில்லை. அன்று பகலே அங்கே கிடாரங்கள் அடுப்பில் ஏறின.

இவற்றை நினைக்கும்போது நாம் பெருமைப்படலாம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மௌத்தும் வெள்ளமும் சுனாமியும் வெளிப்படையான துயரங்கள். ஊர் பார்க்கும்படியாகவே அவை வருகின்றன. பாதிக்கப்பட்டவர் வாய்திறந்து சொல்லவேண்டிய அவசியம் அங்கே இல்லை, அவரைக் குறைகூறுவார் எவரும் இல்லை. இத்தகைய துயரத்தில் நமது ஊர்களை விஞ்சுவது எளிதல்ல.

வீட்டுக்குள்ளேயே இருந்து மனிதரை அரிக்கும் துயரத்தில்தான் ஊர்க் கை முடங்கிப் போகின்றது. ஏனெனில் அங்கே கை போய்ச் சேருவதற்கு முன்னர் வாய் போய்ச் சேர்ந்துவிடுகின்றது.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கணவரின் வியாபாரம் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியோடு படுத்துவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு நுண்கடன் எடுத்தாள். அதன் தவணையைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மற்றொன்று. காதிலும் கழுத்திலும் இருந்தவை அடகுக்குப் போயின. கலியாண வீட்டுக்குப் போகும்போது அயலவளிடம் இரவல் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு போகின்றாள், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று. இவளுடைய சொந்தச் சகோதரர் அதே வீதியில்தான் கடை வைத்திருக்கின்றார். பள்ளிவாசலின் பைத்துல்மால் நிதியில் பணமும் இருக்கின்றது. ஆனால் இரண்டு இடத்துக்கும் அவள் போகமாட்டாள். சகோதரரிடம் சொன்னால் மைனி அறிவாள், மைனி அறிந்தால் மைனியின் தாத்தாமார் அறிவார்கள். பள்ளிவாசலில் விண்ணப்பம் கொடுத்தால் அது ஏழு பேர் கூடும் கூட்டத்தில் வாசிக்கப்படும். அந்த ஏழு பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு உண்பவர்கள், பேசுபவர்கள். நாளை தன் மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது இந்தக் கடன் கதை முன்னால் வந்து நிற்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஊருக்கு வெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வட்டிக்காரனிடம் போகின்றாள். அவனுக்கு ஊர் தெரியாது. அந்த ஒரு தகைமை போதும், அவன் நம்மைவிட அவளுக்கு நம்பிக்கைக்குரியவனாகி விடுகின்றான்.

அவளை வட்டி வாங்கியவள் என்று ஏசுவது இலகு. அவள் ஏன் அவனிடம் போனாள் என்பதில் நமக்கும் பங்கு இருக்கின்றது.

ஐஸ், ஹெரொயின் போன்ற போதைப்பொருட்களுக்கு அடிமைப்பட்ட பிள்ளையின் வீட்டிலும் இதுவே நடக்கின்றது. முதல் மாதத்திலேயே பெற்றோருக்குச் சந்தேகம் வந்துவிடும். கண் சொல்லும், உறக்கம் சொல்லும், காணாமற்போகும் பணம் சொல்லும். ஆனால் வைத்தியரிடம் கூட்டிப்போனால் யாராவது கண்டுவிடுவார்களே என்று ஆறு மாதம் போகின்றது, ஒரு வருடம் போகின்றது. குணப்படுத்தக்கூடிய காலம் முழுவதும் மறைப்பதிலேயே செலவழிந்துவிடுகின்றது. மனநோய்க்கும் இதே கதிதான். பக்கத்து நகரத்து வைத்தியசாலை வேண்டாம், மூன்று மணித்தியாலம் பயணம் செய்து முகந்தெரியாத ஊரின் வைத்தியசாலைக்குப் போவோம் என்று மருந்துச் சீட்டோடு பேருந்தில் அலைகின்ற குடும்பங்கள் நம்மிடையே இல்லையா?

மார்க்கம் இதற்கு என்ன வழி காட்டுகின்றது?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மாஇஸ் என்ற ஒருவர் இருந்தார். அநாதையாகிய அவர் ஹஸ்ஸால் (ரழி) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்தவர். மாஇஸ் ஒரு பெரும்பாவத்தில் விழுந்துவிட்டார். ஹஸ்ஸால் (ரழி) அவர்கள், நீர் போய் அல்லாஹ்வின் தூதரிடம் சொல்லும், அவர்கள் உமக்காகப் பாவமன்னிப்புக் கேட்கக்கூடும் என்று அனுப்பிவைத்தார்கள். எண்ணம் நல்லதுதான். நபியவர்களோ மாஇஸ் வந்து சொல்லச் சொல்ல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவர் மீண்டும் மீண்டும் முன்வந்து தாமாகவே ஒப்புக்கொண்டதனால் தண்டனை நிறைவேறியது. அதன் பின்னர் ஹஸ்ஸால் அவர்களிடம், அவரை உமது ஆடையால் மூடி மறைத்திருந்தால் அது உமக்குச் சிறந்ததாக இருந்திருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியதை இமாம் அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள்.

பெற்றோர்களே, இந்தச் சம்பவத்தில் ஹஸ்ஸால் அவர்கள் யாருடைய இடத்தில் நிற்கின்றார்கள் என்பதைப் பாருங்கள். பொறுப்பாளரின் இடத்தில், வளர்த்தவரின் இடத்தில். வழிதவறிய ஒருவர் முதலில் ஓடிவந்தது அவரிடம். அந்த முதல் ஆளாக நாளை உங்களிடமும் உங்கள் பிள்ளை வந்து நிற்கலாம். அந்த வேளையில் உங்கள் முதல் கவலை, பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதா, ஊர் என்ன சொல்லும் என்பதா? பிள்ளைகள் இதை உங்கள் முகத்தில் ஒரு நொடியில் வாசித்துவிடுவார்கள். ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் கேட்ட நாளிலிருந்து அவர்கள் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சம்பவம் சொல்வேன். சிறுவராக இருந்த அனஸ் (ரழி) அவர்கள் மற்றச் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அங்கே வந்து ஸலாம் கூறி, அவரை ஒரு வேலையாக அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்குத் தாமதமாகத்தான் வர முடிந்தது. எங்கே சென்றாய் என்று தாயார் கேட்டார்கள். அல்லாஹ்வின் தூதரின் ஒரு தேவைக்காகச் சென்றேன் என்றார். என்ன தேவை? அது இரகசியம் என்றார் சிறுவர். நம் வீடுகளாக இருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும்? உம்மாவிடம் மறைக்கின்றாயா என்று காதைத் திருகியிருப்போம். ஆனால் உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள், அல்லாஹ்வின் தூதரின் இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிடாதே என்று மகனுக்கு உபதேசம் செய்தார்கள். பல வருடங்களுக்குப் பின்னர் தம் மாணவர் ஸாபித் அவர்களிடம் இதை எடுத்துரைத்தபோதும், எவரிடமாவது சொல்வதென்றால் உம்மிடம் சொல்லியிருப்பேன் என்று கூறி அனஸ் (ரழி) அந்த விடயத்தை வெளியிடவே இல்லை. அது என்ன என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. ஸஹீஹ் முஸ்லிமில் இது இடம்பெறுகின்றது.

ஒருவர் நம்மிடம் ஒன்றைச் சொல்லும்போது அக்கம் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னால், அந்தப் பேச்சு ஓர் அமானிதம் என்பதும் நபிமொழியின் போதனை. இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் கேட்க வேண்டியதுகூட இல்லை. அந்தப் பார்வையே போதும். அமானிதம் என்றால் பணமும் நகையும் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கின்றோம். ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் உறக்கம் வராத நல்ல மனிதர்கள்கூட, அயல்வீட்டுப் பெண் அழுது சொன்ன கதையை அன்று மாலையே மற்றொருவரின் தேநீர்க் கோப்பையோடு பரிமாறிவிடுகின்றார்கள்.

நம் ஊர்களில் இரகசியம் காக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மையித்துக் குளிப்பாட்டுகின்றவர்களைப் பாருங்கள். ஊரிலுள்ள மௌத்தான ஒவ்வோர் உடலையும் அவர்கள் கண்டிருக்கின்றார்கள். எந்த உடலில் என்ன தழும்பு இருந்தது, எந்த நோய் எவ்வளவு அரித்திருந்தது, எந்தப் பெண்ணின் முதுகில் அடிபட்ட அடையாளம் இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முப்பது நாற்பது வருடம் இப்பணியைச் செய்து, அவற்றில் ஒரு சொல்லையும் வெளியே விடாமல் தாமும் மௌத்தாகிப் போன தாய்மாரை நாம் அறிவோம். மையித்தைக் குளிப்பாட்டிக் கண்டதை மறைப்பவருக்கு நாற்பது முறை மன்னிப்புக் கிட்டும் என்ற நபிமொழியை அவர்கள் நெஞ்சில் வைத்திருந்தார்கள். மௌத்தானவருக்கு நாம் கொடுக்கும் இந்தக் கண்ணியத்தை உயிரோடிருப்பவருக்கு ஏன் கொடுப்பதில்லை? (முதுகில் இருந்த அடையாளத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்குப் பின்னர் வருவேன். அந்தத் தாய் உயிரோடிருந்த காலத்தில் அந்த இரகசியம் காக்கப்பட்டதில் நமக்குப் பெருமை ஏதும் இல்லை.)

அடுத்து நாம் கொடுக்கும் முறை. ஸகாத் விநியோகத்தின்போது தையல் இயந்திரம் பெறும் கைம்பெண்ணை நிறுத்தி, இரண்டு பக்கமும் நிர்வாகத்தினர் நின்று படம் எடுத்து முகநூலில் போடுகின்றோம். கணக்குக் காட்ட வேண்டும் என்பது உண்மைதான், ஊர்ப்பணத்துக்குக் கணக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கு என்பது எத்தனை குடும்பத்துக்கு எவ்வளவு ரூபாய் என்பது. முகம் கணக்கில் சேராது. குமர்க் காரியத்துக்கென்று பள்ளிவாசல் கடிதத்தோடு ஊர் ஊராகச் சென்று, ஜும்ஆ முடிந்ததும் ஸப்புகளுக்கு முன்னால் எழுந்து நின்று தன் மகளின் நிலையை உரத்துச் சொல்லும் வாப்பாமாரை நாம் எத்தனை முறை கண்டிருப்போம்? அந்த மகள் எங்கோ ஒரு வீட்டில் இருக்கின்றாள். தன் பெயரில் துண்டு விரிக்கப்படுவது அவளுக்குத் தெரியும். கைக்கூலி கேட்டவன் மாத்திரம் வீட்டில் நிம்மதியாக இருக்கின்றான், அவனுடைய பெயரை எந்த ஒலிபெருக்கியும் சொல்வதில்லை.

ஸூரா அல்பகராவில் அல்லாஹ் ஒருவகை ஏழைகளை நமக்கு அறிமுகப்படுத்துகின்றான். தம் பேணுதலினால் கையேந்தமாட்டார்கள், அவர்களை அறியாதவன் செல்வந்தர் என்றே நினைத்துவிடுவான், முக அடையாளத்தைக் கொண்டுதான் அவர்களை அறிந்துகொள்ள வேண்டியிருக்கும். அதே இடத்தில், தர்மத்தை மறைவாகக் கொடுப்பது சிறந்தது என்பதும் சொல்லப்படுகின்றது. ஆக, கேட்காதவரைக் கண்டுபிடிக்கும் கண்ணும், கண்டதைச் சொல்லாத நாவும் கொடுப்பவருக்கு வேண்டும்.

நபியவர்களின் பேரர் ஹுஸைன் (ரழி) அவர்களின் மகனார் அலி ஸைனுல் ஆபிதீன் அவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். மதீனாவில் சில ஏழைக் குடும்பங்களுக்கு இரவு நேரத்தில் வாசலில் உணவு வந்துகொண்டிருந்தது. யார் கொண்டு வருகின்றார் என்பது எவருக்கும் தெரியாது. அவர் மௌத்தான பின்னர் அந்த உணவு நின்றுபோனது. குளிப்பாட்டியவர்கள் அவருடைய முதுகில் கறுத்த தழும்புகளைக் கண்டார்கள், மாவு மூட்டைகளைச் சுமந்து சுமந்து உண்டானவை. ஏறக்குறைய நூறு வீடுகளை அவர் தாங்கியிருந்தார் என்று அப்போதுதான் தெரிய வந்தது. உயிரோடிருந்தபோது அவரைக் கஞ்சன் என்று நினைத்தவர்களும் இருந்தார்களாம். தம் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக்கூட அவர் அந்த நூறு வீடுகளில் ஒன்றின் பெயரையும் வெளியிடவில்லை.

இவை தனிமனிதரின் சிறப்புகள், ஸலபுகளின் காலம், நம்மால் முடியுமா என்று இளைஞர்கள் கேட்கலாம். ஒரு முழு ஊரே சேர்ந்து ஓர் இரகசியத்தைக் காக்க முடியுமா? முடியும் என்பதற்கு அண்மைக் கால வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்கின்றேன். ஐரோப்பாவில் அல்பேனியா என்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு சிறிய நாடு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 செப்டெம்பரில், ஜேர்மனிய நாஸிப் படை அந்நாட்டைப் பிடித்தது. யூதர்களை ஐரோப்பா முழுவதும் தேடித்தேடிக் கொன்றுகொண்டிருந்த படை அது. அவ்வருட றமழான் மாதத்தில் தலைநகர் திரானாவிலிருந்து தப்பி 17 பேர் ஷென்ஜெர்ஜ் என்னும் மலைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கிராமத்து மக்கள் அவர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். தெஸ்தான் பல்லா, லிமே பல்லா என்ற ஏழைத் தம்பதியினரின் வீட்டுக்கு மூன்று சகோதரர்கள் போனார்கள். உண்பதற்கு ஒரு மேசைகூட இல்லாத வீடு அது. விருந்தினரிடம் உணவுக்கோ தங்குவதற்கோ பணம் வாங்கவில்லை. லிமே காட்டுக்குப் போய் விறகு வெட்டி வந்தார், தண்ணீர் சுமந்தார், தோட்டத்தில் காய்கறி பயிரிட்டார். வந்தவர்கள் தங்களைப்போலவே கமக்காரரின் உடையில் நடமாடச் செய்தார்கள். இந்த நிலை 15 மாதங்கள் நீடித்தது.

இங்கே ஒரு விடயத்தை ஊன்றிப் பாருங்கள். அந்த ஊரில் எவருக்கும் தெரியாமல் அவர்கள் ஒளிந்திருக்கவில்லை. ஊர் முழுவதற்கும் தெரியும். உள்ளூர்ப் பொலிஸாருக்கும் தெரியும் என்று பிற்காலத்தில் லிமே சொல்லியிருக்கின்றார். தெரிந்தும் வெளியே போகவில்லை. ஒரு சிறுவன் சந்தையில் வாய் தவறியிருந்தாலே அந்த விருந்தினரின் உயிரோடு விருந்தளித்தவரின் உயிரும் போயிருக்கும். அல்பேனியர் இதனை பெஸா என்பார்கள், கொடுத்த வாக்கைக் காத்தல் என்பது அதன் பொருள். அந்நாட்டு முஸ்லிம்கள் மட்டுமன்றிக் கிறிஸ்தவர்களும் இதைச் செய்தார்கள். யூதர்களின் பெயர்ப்பட்டியலை ஜேர்மனியர் கேட்டபோது அல்பேனிய அதிகாரிகள் கொடுக்க மறுத்தார்கள். போர் முடிந்தபோது அந்நாட்டில் யூதர்களின் தொகை போருக்கு முன்னர் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது.

பலஸ்தீனத்தின் துயரம் நம் கண்முன் நிற்கையில் இந்தச் சம்பவத்தைக் கேட்பது உங்களில் சிலருக்குக் கடினமாக இருக்கலாம். எனினும் கதவைத் தட்டி வந்த மனிதரை ஒப்படைப்பதில்லை என்று அந்த ஏழை முஸ்லிம்கள் எடுத்த முடிவை அது மாற்றிவிடாது. 1944 டிசம்பரில் அந்தச் சகோதரர்கள் புறப்பட்டுச் சென்றார்கள். பின்னர் அல்பேனியாவில் பொதுவுடைமை ஆட்சி வந்தது, 1967இல் மதமே தடைசெய்யப்பட்டது, நாடு வெளியுலகுக்கு மூடப்பட்டது. 1990இல்தான் அச்சகோதரர்களிடமிருந்து பல்லா குடும்பத்துக்கு மீண்டும் செய்தி கிடைத்தது. 45 வருடங்களாக எவரிடமிருந்தும் ஒரு நன்றியையோ பாராட்டையோ அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அந்நிய மக்களின் உயிரை ஒரு கிராமமே மூடி வைத்தது. நம்முடைய சொந்த மாமியின் கடனை, சொந்தச் சாச்சாவின் மகனுடைய நோயை ஓர் இரவுகூட நம்மால் மூடி வைக்க முடியவில்லை.

இனி, நான் பின்னர் வருவதாகச் சொன்ன விடயம். மறைத்தல் நன்மை என்று கேட்டவுடன் சிலர் மகிழ்ச்சியடைவார்கள். அநியாயம் செய்கின்றவர்தான் அவர்களில் முதலாமவர். மனைவியை அடிக்கின்றவன், குடும்ப மானத்தை வெளியே கொண்டு போகாதே என்பான். பிள்ளையிடம் தகாத முறையில் நடந்த உறவினர், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்பார். அதற்கு ஊர்ப் பெரியவர்கள் சிலரும் தலையாட்டுவார்கள், ஊரின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று. சகோதரர்களே, ஒருவர் தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் செய்துகொண்ட தவறை மூடுவது வேறு. இன்னொருவர் மீது இழைக்கப்படும் அநியாயத்தை மூடுவது வேறு. இரண்டாவதை மூடுபவர் அந்த அநியாயத்தில் பங்காளி ஆகின்றார். அபூஸுப்யானின் மனைவி ஹிந்த் (ரழி) அவர்கள் நபியவர்களிடம் வந்து, என் கணவர் கஞ்சத்தனமானவர், எனக்கும் பிள்ளைக்கும் போதியதைத் தருவதில்லை என்று முறையிட்டார்கள். குடும்ப இரகசியத்தை வெளியே சொல்கின்றாயே என்று நபியவர்கள் கண்டிக்கவில்லை. போதியதை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ள வழி சொன்னார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற நூலில், பிறரைப் பற்றிப் பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு காரணங்களைத் தொகுக்கும்போது, அநியாயத்துக்கு உள்ளானவர் முறையிடுவதை முதலாவதாக வைத்துள்ளார்கள்.

அந்த ஆறில், எச்சரிக்கை செய்வதும் ஒன்று. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசித்தபோது, நபி (ஸல்) அவர்கள் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் ஒளிக்காமல் எடுத்துக் கூறினார்கள். இதை ஏன் சொல்கின்றேன் என்றால், நமது சமூகத்தில் ஒரு கொடிய வழக்கம் வேரூன்றி வருகின்றது. போதைக்கு அடிமையான மகனுக்கு அதை மறைத்து நிக்காஹ் செய்து வைக்கின்றார்கள். கலியாணம் முடித்தால் திருந்திவிடுவான் என்று நம்பிக்கை. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகின்றவரிடம் அயலவரும் நமக்கெதற்கு வம்பு என்று நல்ல பிள்ளை என்று சொல்லி அனுப்புகின்றார்கள். கடை வாசலில் தேவையில்லாமல் எல்லாம் பேசிய அதே வாய், பேச வேண்டிய ஓர் இடத்தில் மூடிக்கொள்கின்றது! மூன்று மாதத்தில் அந்தப் பெண் குழந்தையைச் சுமந்துகொண்டு காதி நீதிமன்ற வாசலில் நிற்கின்றாள். கேட்கப்பட்ட இடத்தில், கேட்டவரிடம் மட்டும், தேவையான அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். அது புறம் பேசுவதாகாது.

பிள்ளைகளே, உங்களிடமும் ஒன்று. எவராவது பெரியவர் உங்களிடம், இது நமக்குள் இரகசியம், உம்மாவிடம் சொல்லாதே என்று ஒரு கெட்ட காரியத்தைச் சுமத்தினால் அது அமானிதம் அல்ல. அதை உடைப்பது உங்கள் உரிமை. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினர் கேட்பார்கள். வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 1938, மனம் உடைந்து தவிப்பவர்களுக்கு 1926. இந்த இலக்கங்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டி வைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோளை முன்வைத்து முடிக்கின்றேன். பைத்துல்மால் விண்ணப்பங்களை முழு நிர்வாகக் கூட்டத்திலும் வாசிக்க வேண்டிய அவசியமில்லை. ஊர் நம்பும் மூவரைத் தெரிவு செய்யுங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஏனெனில் கஷ்டத்தைச் சொல்ல வருபவர்களில் பலர் பெண்கள். விண்ணப்பத்துக்கு ஓர் இலக்கம் கொடுங்கள். கூட்டத்துக்கு இலக்கமும் தொகையும் மட்டும் வரட்டும். பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், வரிசையில் நிற்க வைக்காதீர்கள். மஹல்லாவின் வட்ஸ்அப் குழுவை நடத்தும் இளைஞர்களே, இன்னாருடைய மகன் பிடிபட்டான், இன்னாருடைய மகள் போய்விட்டாள் என்று வரும் செய்தியை அழிக்கும் அதிகாரம் உங்கள் விரலில் இருக்கின்றது. அதனை இருநூறு பேர் பார்ப்பதற்கு முன்னர் அழித்துவிடுங்கள். முடிந்தால் அனுப்பியவரைத் தனியாக அழைத்து, நானா, அந்த வீட்டுக்கு நாம் என்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள்.